எவலினுக்கு ஒரு கல்யாணம்

கிங்ஸ் லின், நார்ஃபோக்
1861 மார்ச் 4

திரு ஆம்ப்ரோஸ் டில்லிங் அவர்களுக்கு,

ஐயா, உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் கெசையா பார்டோ. வயது இருபத்தாறு. நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிப் பிழைக்கிறேன். பன்னிரண்டு வயதில் அம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. அதற்குள் எழுதப் படிக்கக் கற்றிருந்தேன். தச்சராக இருந்த என் அப்பா சாகுமுன் எனக்கு ஒரு பலகை செய்து கொடுத்தார். அதில் வெட்டிய பள்ளங்களில்தான் என் பென்சில் ஓடுகிறது. வரிமேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு பகுதியாக வரும் உங்கள் நாவலை எங்கள் தெருவே கேட்கிறது. முதல் சனிக்கிழமை ஸ்டேஸ் அம்மாள் வீட்டு அடுக்களையில் கூடுவோம். அவர் மகன் ரூபன்தான் படிப்பவன். கடையிலிருந்து பிரம்பு அறுந்த நாற்காலிகளை வண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டுவருபவனும் அவன்தான்.

உங்கள் எவலினைப் பற்றித்தான் எழுத வந்தேன். கண் தெரியாத பெண் என்று சொல்கிறீர்கள். சரி. ஆனால் அவள் ஏன் கண்டவர் முகத்தையெல்லாம் தடவுகிறாள்? கேப்டன் முகம், அத்தை முகம், போன பகுதியில் பாதிரியார் முகம்கூட. எங்கள் தெருவில் நான் அப்படிச் செய்தால் கன்னம் பழுத்துவிடும். ஆளை அடையாளம் காண எனக்கு முகம் வேண்டாம், செருப்புச் சத்தம் போதும். நாலு பக்கத்துக்கு ஒரு தடவை அவள் நிலாவை நினைத்து அழுகிறாள். பதினான்கு வருஷத்தில் நான் நிலாவை நினைத்து அழுததே இல்லை. பிரம்பு விலை ஏறியபோது அழுதிருக்கிறேன்.

ஸ்டேஸ் அம்மாள் அவளுக்காக மூக்கைச் சிந்திச் சிந்திக் கைக்குட்டையை நனைக்கிறார். அதனால்தான் எழுதத் தோன்றியது.

கெசையா பார்டோ


ப்ளூம்ஸ்பரி, லண்டன்
1861 மார்ச் 15

அன்புள்ள மிஸ் பார்டோ,

இருபது ஆண்டுகளாக எழுதுகிறேன். எவ்வளவோ பேர் எவ்வளவோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நேர்த்தியாக யாரும் திட்டியதில்லை. உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணு சொல்றதுல என்ன தப்பு? நீங்க எந்தக் குருடியோட ஒரு வேளை உக்காந்து பேசியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

நேற்று மதியம் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் நடந்து பார்த்தேன். ஒரு தேநீர்க் கெண்டி உடைந்தது, முழங்கால் வீங்கியிருக்கிறது. கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

நீங்கள் எனக்கு உதவ வேண்டும். தேநீரைச் சிந்தாமல் எப்படி ஊற்றுகிறீர்கள்? கடைத்தெருவில் எப்படி நடக்கிறீர்கள்? ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதை எப்படி அறிகிறீர்கள்? எவலினுக்கு உயிர் கொடுக்க எனக்கு உங்களைப் போல ஒருவர் தேவை. இனி அவள் யார் முகத்தையும் தடவ மாட்டாள் என்று உறுதி சொல்கிறேன்.

உங்கள் பணிவுள்ள,
ஆம்ப்ரோஸ் டில்லிங்


கிங்ஸ் லின்
1861 ஏப்ரல் 9

ஐயா,

உங்கள் கடிதத்தை ரூபன் படித்துக் காட்டினான். கெண்டி உடைந்த இடத்தில் சிரிப்பு தாங்காமல் இரண்டு தடவை நிறுத்தினான்.

தேநீர் ஊற்றும்போது கோப்பை நிறைய நிறையச் சத்தம் மாறும். கேட்டுப் பாருங்கள். கடைத்தெருவில் மீன் நாற்றம் முடிந்து தோல் நாற்றம் தொடங்கும் இடத்தில் திரும்பினால் என் வீடு. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தை நானே மடித்து, நானே ஒட்டி, நானே தபாலில் போடப்போகிறேன், ரூபன் பார்க்கமாட்டான். அதனால் எழுதுகிறேன்.

நாற்காலிகளை இறக்கிவிட்டு அவன் கிளம்புவான். வாசல்வரை போய் நின்றுவிடுவான். போகிறானா இல்லையா என்று நான் பின்னலை நிறுத்திக் கேட்பேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. போன மாதம் வாசலில் நின்றபடியே கேட்டான். "கெசி, என்னைக் கட்டிக்கிறியா? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல." நான் யோசிக்கவில்லை, அப்போதே சரி என்றேன்.

சிக்கல் அவன் அம்மா. "கண்ணு தெரியாதவ புள்ளைய எப்படிடா வளப்பா? அடுப்பு இருக்கு, கெணறு இருக்கு" என்றாராம். ரூபன் விடாமல் பேசியதில் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். "எவலின் கதை எப்படி முடியுதுன்னு பாப்போம். அவ்வளவு பெரிய மனுஷர் நாலு இடத்துல விசாரிச்சுத்தானே எழுதுவார்? அவளுக்குக் கல்யாணம் ஆகி நல்லா இருந்தா, நானும் சரின்னு சொல்றேன்."

சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்புகிறவர்கள் இவர்கள்.

அதனால் கேட்கிறேன். எவலினை அவளை விரும்பும் கேப்டனுக்கே கட்டிக்கொடுங்கள். கண் தெரியாமல் இருக்கிறாளே, அப்படியே. அவளுக்கு ஒரு குழந்தையும் கொடுங்கள்.

கெசையா


ப்ளூம்ஸ்பரி
1861 ஏப்ரல் 20

அன்புள்ள மிஸ் பார்டோ,

நான் சிரிக்கவில்லை. உங்கள் எவலினுக்குக் கல்யாணம் நடக்கும். இது என் வாக்கு.

(திரு ரூபன் ஸ்டேஸ் அவர்களே, இதை வாசிக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.)

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரம்பு, தேநீர், செருப்புச் சத்தம் எல்லாம் அருமை. ஆனால் ஒரு பெண்ணை வாசகர்கள் நேசிக்க வேண்டுமென்றால் அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குள் உங்களை நடுங்க வைப்பது எது? உங்களால் முடிந்தால், விருப்பம் இருந்தால், எழுதுங்கள்.

ஆம்ப்ரோஸ் டில்லிங்


கிங்ஸ் லின்
1861 மே 14

ஐயா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

என் அக்கா டாமரிஸின் புருஷன் கப்பலில் போகிறவர். அவள் வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கிறாள். அவள் குழந்தையின் பெயர் நெல், பகலெல்லாம் அது என்னிடம்தான் இருக்கும். போன நவம்பரில் நெல்லுக்குப் பதினான்கு மாதம். கையில் ரொட்டித் துண்டைக் கொடுத்துத் தரையில் உட்கார வைத்திருந்தேன். வாயில் ரொட்டி இருந்ததால் சத்தமே இல்லை. தூங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு வரிசை பின்னினேன். இரண்டே வரிசை.

கம்பளி கருகும் வாசனை வந்தது. நான் எழுந்து ஓடியது தப்பான பக்கம். மேசையில் மோதி, திரும்பி, கணப்பருகே அதைப் பிடித்தபோது சட்டைக் கையில் நெருப்பு ஏறியிருந்தது. என் கையாலேயே அணைத்தேன். மணிக்கட்டில் சின்னத் தழும்போடு பிழைத்தது. வெந்நீர்க் கெட்டில் பட்டுவிட்டது என்று அக்காவிடம் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ரூபனிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நெல்லின் பாவாடையில் ஒரு சின்ன மணி தைத்துவிட்டேன். குதிரைச் சேணத்திலிருந்து கழற்றிய மணி, ரூபனைக் கேட்டு வாங்கினேன். விளையாட்டுக்கு என்று நினைத்துக்கொண்டான். இப்போது தெருவே அதை மணிக்குட்டி என்று கூப்பிடுகிறது. மணி ஓயும் ஒவ்வொரு தடவையும் பின்னலைப் போட்டுவிட்டுத் தரையெல்லாம் தடவித் தேடுகிறேன். நீங்கள் கேட்ட பயம் இதுதான்.

எவ்வளவோ நாளாக யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், சொல்லிவிட்டேன். உங்கள் பதிலை ரூபன்தான் படிப்பான். தயவுசெய்து இதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

கெசையா


ப்ளூம்ஸ்பரி
1861 ஜூன் 3

அன்புள்ள மிஸ் பார்டோ,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே. ஜூலைப் பகுதியை நேற்றுத்தான் முடித்தேன். ஒரே மூச்சில் எழுதியது. என் எழுத்தில் இதற்கு இணையாக எதுவும் இல்லை என்று பதிப்பாளர் சொல்கிறார். உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆ. டி.


கிங்ஸ் லின்
1861 ஜூலை 8

திரு டில்லிங்,

சனிக்கிழமை அடுக்களையில் பதினாறு பேர் இருந்தோம். உட்கார இடமில்லாமல் சிலர் நின்றுகொண்டு கேட்டார்கள். அக்காவும் நெல்லோடு வந்திருந்தாள்.

ரூபன் நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தான். காரியஸ்தரின் குழந்தையை எவலின் பார்த்துக்கொள்கிறாள். கேப்டனின் குதிரையிலிருந்து ஒரு மணியைக் கேட்டு வாங்கி அதன் பாவாடையில் தைக்கிறாள். அந்த வரியில் அவன் குரல் தாழ்ந்தது. அதற்குமேல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். சுற்றி இருந்தவர்களின் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன. எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள் என்று தெரிந்தது. நூல் அறுந்து மணி விழுந்தது, சத்தமில்லாமல் குழந்தை கணப்புக்குப் போனது, கம்பளி கருகும் வாசனை வந்தது, எவலின் தப்பான பக்கம் ஓடினாள். மணி விழுந்தது உங்கள் கற்பனை, மற்றதெல்லாம் நான் எழுதியபடியே. பிழைத்தது மட்டும் இல்லை. உங்கள் குழந்தை செத்துவிட்டது.

பிறகு எவலின் கேப்டனுக்குக் கடிதம் எழுதுகிறாள். நான் கண்ணில்லாதவள், மடியில் குழந்தையை வைத்துக்கொள்ள உரிமை இல்லாதவள், என்னை மறந்துவிடுங்கள் என்று. ரூபன் அதையும் படித்தான். அத்தனை பேர் இருக்கையில் அவன் எப்படி நிறுத்துவான்?

முதலில் பேசியது ஸ்டேஸ் அம்மாள். "ஏன் டாமரிஸ், உம் புள்ள கையில இருக்கிற தழும்பு எப்படி வந்துச்சு?"

"கெட்டில் பட்டதுன்னு இவ சொன்னா." பிறகு அக்கா என்னிடம் கேட்டாள். "கெட்டில் தானடி?"

இல்லை என்றேன். இன்னொரு பொய் வாயில் வரவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மணிச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. இன்றோடு மூன்று நாள் ஆகிறது, நெல்லை என்னிடம் விடவில்லை.

ரூபன் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டான். பாதி வழியில் கேட்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயந்தேன்."

"அவர்கிட்டச் சொல்லப் பயமில்லயா?"

"அவர் என்னைக் கட்டிக்கப்போறதில்லயே."



ஐயா, பதிலில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம் என்றேன், நீங்களும் எழுதவில்லை. நாடு முழுக்க அச்சடித்துவிட்டீர்கள். இன்னும் ஐந்து பகுதிகள் இருக்கின்றன. வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எப்படியாவது அவளைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்து சேருங்கள்.

கெசையா பார்டோ


ப்ளூம்ஸ்பரி
1861 ஆகஸ்ட் 2

அன்புள்ள மிஸ் பார்டோ,

மிகவும் வருந்துகிறேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், முடிவையும் மாற்றினேன். ஒரு மணியை வைத்து ஒரு தெரு உங்களைக் கண்டுபிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தாளனுக்குக் கிடைத்ததை அவன் வீணாக்க மாட்டான். இது தொழிலின் குணம், என் குணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாள்தோறும் வரும் கடிதங்களை நீங்கள் காண வேண்டும். குழந்தையை இழந்த தாய்மார்கள் எழுதுகிறார்கள். எவலினை மன்னித்துவிட்டோம் என்கிறார்கள், அவளை வாழவையுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். வாழ வைப்பேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டேன். நவம்பரில் வியன்னாவிலிருந்து ஒரு மருத்துவர் வருவார். அறுவை நடக்கும். டிசம்பரில் கட்டு அவிழும்போது எவலின் முதன்முதலில் காணப்போவது கேப்டனின் முகம். பிறகு அவள் தைரியமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். கொடுத்த வாக்கு நிறைவேறும்.

கதையில் மட்டும் அல்ல. லண்டனில் எனக்குத் தெரிந்த நல்ல கண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் பயணமும் சிகிச்சையும் என் பொறுப்பு. உங்கள் கண்களைத் திறந்துவிட்டால் ஸ்டேஸ் அம்மாளுக்குச் சொல்ல என்ன இருக்கப்போகிறது?

ஆம்ப்ரோஸ் டில்லிங்


கிங்ஸ் லின்
1861 செப்டம்பர் 5

திரு டில்லிங்,

உங்கள் கடிதத்தை ரூபன் கடைசி வரிவரை படித்தான். மடித்து என் கையில் வைத்துவிட்டு, "அவருக்குத் தெரியாதா கெசி?" என்றான்.

உங்களுக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. தேநீரைக் கேட்டீர்கள், கடைத்தெருவைக் கேட்டீர்கள், பயத்தைக் கேட்டீர்கள். என் கண் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. எவலினுடைய கண் ஏரித் தண்ணீர்போல நீலமாக, பார்ப்பவருக்குக் குறையே தெரியாமல் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டீர்கள் போலிருக்கிறது.

அம்மையில் என் இரண்டு விழிகளும் சீழ் வைத்து வடிந்துவிட்டன. உள்ளே ஒன்றும் இல்லை. இமை குழிந்து ஒட்டிக்கிடக்கிறது. முகம் முழுக்கத் தழும்பு. உங்கள் மருத்துவர் எதைத் திறப்பார்? ரூபன் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசலில் நின்று கேட்டான். அதை நான் பெரிதாக நினைத்திருந்தேன், இன்னும் நினைக்கிறேன்.

ஆகஸ்டிலேயே வியன்னா மருத்துவரைப் பற்றிய சேதி ஸ்டேஸ் அம்மாள் காதுக்குப் போய்விட்டது. ரூபன்தான் சொல்லியிருக்கவேண்டும், வேறு யார் சொல்வார்கள்? நேற்று அவரே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. "இத பாரும்மா, எனக்கு உம்மேல கோபமில்ல. எவலினுக்குக்கூடக் கண்ணு வந்தப்பறம்தான் கல்யாணம்னு அவரே சொல்லிட்டார். உனக்கும் வரட்டும். வந்தா நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆகவே மருத்துவர் வேண்டாம், அவரை வியன்னாவிலேயே விட்டுவிடுங்கள். கண் இல்லாமலேயே அவளைக் கட்டிக்கொடுங்கள். ஏப்ரலில் நான் கேட்டது அதைத்தான், நீங்கள் வாக்குக் கொடுத்ததும் அதற்குத்தான். டிசம்பர்வரை காத்திருப்பதாக ரூபன் சொல்கிறான். இப்போதெல்லாம் நாற்காலியை இறக்கியதும் கிளம்பிவிடுகிறான்.

கெசையா


ப்ளூம்ஸ்பரி
1861 அக்டோபர் 11

மிஸ் பார்டோ,

உங்கள் கடிதத்தோடு பதிப்பாளரிடம் போனேன். முதலில் அவர் சிரித்தார், பிறகு கோபித்தார். "எவ இந்தக் கதையக் காசு குடுத்து வாங்குறான்னு தெரியுமா உங்களுக்கு? கல்யாணம் ஆகாத பொண்ணுங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியணும், கேப்டனப் பாக்கணும், அழணும். குருடியாவே விட்டுட்டா யார் அழுவா?" என்றார். மருத்துவர் வரும் படத்துக்கு அச்சுத் தகடு செதுக்கியாகிவிட்டது. நான் வாதாடினேன். இன்னும் பலமாக வாதாடியிருக்கலாம். கடைசியில் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து நேற்று மீண்டும் படித்தேன். மே மாதக் கடிதத்தில் பென்சில் பல இடங்களில் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. வேகவேகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கண்களைப் பற்றிக் கேட்காதது மறதியால் இல்லை. கேட்டால் எவலினை எழுத முடியாமல் போய்விடும் என்று உள்ளூரத் தெரிந்திருக்கிறது. இதை நான் வேறு யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆம்ப்ரோஸ் டில்லிங்


கிங்ஸ் லின்
1861 டிசம்பர் 30

திரு டில்லிங்,

உங்கள் அக்டோபர் கடிதத்தை உதவிப் பாதிரியார் படித்துக் காட்டினார். ரூபனிடம் கேட்க மனம் வரவில்லை. பாதிரியாருக்கு அதைப் படிக்கச் சங்கடமாக இருந்தது, நடுநடுவே இருமினார்.

கடைசிப் பகுதி வந்த சனிக்கிழமை என்னை யாரும் அடுக்களைக்குக் கூப்பிடவில்லை. மறுநாள் மதியம் ரூபனே வந்தான். "கடைசிப் பகுதி கொண்டாந்திருக்கேன். உனக்குத் தனியாப் படிச்சுக் காட்டணும்னு தோணுச்சு" என்றான். உட்கார்ந்து படித்தான்.

வியன்னா மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். "அதனால என்ன" என்கிறான் கேப்டன். கல்யாணம் நடக்கிறது. ஆற்றோரம் இரண்டு அறை வைத்த வீடு. கேப்டன் தன் கையாலேயே கணப்புக்கு முன்னால் இரும்புக் கம்பியில் ஒரு தடுப்பு அடிக்கிறான், குழந்தையின் விரல்கூட நுழையாத அளவுக்கு நெருக்கமாக. இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு நாலு வயதாகிறது, உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அச்சில் இருப்பதைப் படிக்கும்போது ரூபன் வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவான். அன்று நினைத்த இடத்திலெல்லாம் வாங்கினான். பக்கங்களைத் திருப்பியதிலும் ஒழுங்கில்லை. உங்கள் கேப்டன் நாற்காலி வண்டிக்காரன் மாதிரிப் பேசினான். உண்மையில் நீங்கள் எழுதிய, கண் வந்த பிறகு கல்யாணம் என்ற முடிவை அக்கா மறுநாள் சொன்னாள், ஆனால் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கடைசிவரை கேட்டேன். வாழ்நாளில் இவ்வளவு நல்ல கதையை நான் கேட்டதில்லை.

"நல்லா முடிஞ்சிருக்கு" என்றேன்.

"ஆமா."

"இப்படித்தான் அவர் முடிச்சிருக்காருன்னா, உங்க அம்மா குடுத்த வார்த்தை?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகுவது கேட்டது.

"கெசி, வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எனக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. மேட்டுத்தெரு ஹெஃப்சியோட."

முழுப் பழியையும் உங்கள்மேல் போடத்தான் ஆசை. போட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தக் கம்பித் தடுப்பை அடிக்க ரூபனுக்கு ஒரு மதியம் போதும். இரும்பு இருக்கிறது, கை இருக்கிறது, எப்படி அடிக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. அவன் அதைக் கதையில் அடித்துவிட்டுப் போய்விட்டான். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு இரக்கம் காட்டியிருக்கிறீர்கள். இரண்டு பேருமே காகிதத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

ஓலை வாசித்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்குப் போனேன். போகாமல் இருந்தால் தெரு பேசும். இந்த இருவரும் சேரக்கூடாது என்பதற்குக் காரணம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பாதிரியார் ஒவ்வொரு வாரமும் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள் இல்லையா, அந்த நேரத்தில் ரூபன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் செருப்பு தரையில் அசைந்துகொண்டே இருந்தது. நேற்று மூன்றாவது தடவை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கெசையா பார்டோ